காதுக்குப் பின்னால் ஒரு வால்வு: அம்மாவின் ஷண்ட், இரண்டு வருடத்துக்குப் பிறகு

அம்மாவுக்கு ஷண்ட் வைத்து இரண்டு வருடம். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சின்ன வால்வு, அங்கிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்குள் இறங்கும் குழாய், மூளையில் தேங்கும் நீர் அதில் வடிகிறது. அதற்கு முன் கால் தரையில் ஒட்டியது போல இழுத்து இழுத்து நடப்பார், சிறுநீர் அடக்க முடியாது, பெயர்கள் மறந்துபோகும். வயசானா இப்படித்தான் என்று எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) சொன்னார்கள், நாங்களும் நம்பிவிட்டோம்.

இந்த வால்வு வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றக்கூடிய வகை. அம்மாவுடையதில் 0.5 முதல் 2.5 வரை ஐந்து நிலைகள், எண் குறையக் குறைய நீர் அதிகம் வடியும். முதலில் 1.5 வைத்தார்கள். நடை நன்றாகவே வந்தது, ஆனால் எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அளவுக்கு மேல் வடிகிறதாம், அப்படியே விட்டால் மண்டைக்குள் இரத்தம் கசியக்கூட இடமுண்டு. கண்டி கிளினிக்கில் திசைகாட்டி மாதிரி ஒன்றைத் தலையில் வைத்துப் பார்த்து, காந்தத்தைத் திருப்பி 2.0 ஆக்கினார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. "முடிஞ்சிருச்சாங்கய்யா?" என்று அம்மாவே கேட்டார். மாற்ற முடியாத வால்வாக இருந்திருந்தால் இதற்கு இன்னொரு ஆபரேஷன்! இந்த ஒன்றுக்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

தொல்லையும் அதே காந்தத்தால்தான். போனை மற்றக் காதில்தான் வைக்கவேண்டும், ஹெட்போன், ஸ்பீக்கர் எதுவும் வால்வுப் பக்கம் வரக்கூடாது. போன வருடம் முதுகுவலிக்கு ஓரிடத்தில் எம்ஆர்ஐ எடுத்தோம், ஷண்ட் இருக்கிறது என்று சொல்லியும் எடுத்த பிறகு நிலையைச் சரிபார்க்கவேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸில் தலைவலியோடு அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால், 1.0க்குப் போயிருந்தது. எம்ஆர்ஐ காந்தத்துக்கு அசையாத வால்வுகளும் உண்டு, வைக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்புறம் அந்தத் திசைகாட்டி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும், அந்த வாந்தி பஸ்ஸாலா ஷண்டாலா என்று ஒவ்வொரு முறையும் நமக்குப் பயம் வேறு.

தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிற்றை இனித் தலையில் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கு இன்னும் கோபம். மற்றபடி தானே நடந்து கோயிலுக்குப் போகிறார். அடையாள அட்டையோடு ஒரு துண்டு வைத்திருக்கிறோம், அதில் பெரிதாக 2.0.