பாஞ்சோ-கஸூயி: முதல் ஆட்டமா, இரண்டாவதா?

பாஞ்சோ-கஸூயி ஒரு வீடியோ கேம் தொடர். அதைச் செய்த ரேர் நிறுவனம் முதலில் தொடங்கியது வாள் ஏந்திய ஒரு சிறுவனின் கதையை. பிறகு அவன் இடத்துக்குப் பாஞ்சோ என்ற கரடி வந்தது. அதன் முதுகுப்பையில் வாயாடிப் பறவை கஸூயி ஏறிக்கொண்டது.

1998இல் நின்டெண்டோ 64 என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்த முதல் ஆட்டத்தில் இரண்டும் பிரியவே பிரியாது. ஒன்பது உலகங்கள், ஒவ்வொன்றிலும் பொறுக்க 100 இசைக்குறிப்புகள். நடுவில் செத்தால் அந்த உலகத்தில் மறுபடி முதலிலிருந்து பொறுக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் உலகங்கள் கைக்கடக்கமானவை.

2000இல் வந்த இரண்டாவது ஆட்டமான பாஞ்சோ-டூயியில் ஜோடி பிரிந்து தனித்தனியே அலையலாம். அருமையான யோசனை! பொறுக்கியதும் தொலையாது. அப்புறம் என்ன குறை? ஓர் உலகத்தின் புதிருக்கு விடை இன்னோர் உலகத்தில் இருக்கும். நடந்தே கால் வலிக்கும்.

என் ஓட்டு முதலாவதற்கே.