ரேமுக்குக் காசு போடும் முன்: 32 பிட்டா, 64 பிட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகள் அவ்வப்போது கிடைக்கும். மெதுவாக ஓடுகிறதா, ரேம் கூட்டு என்பதுதான் எல்லாரும் சொல்லும் வைத்தியம். நன்கொடைப் பணத்தில் வாங்கும் ரேம் வீணாகப் போகக் கூடாது. அதனால்தான் இந்த அலசல்.

ரேம் என்கிற நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் பிராசசர் ஒரு முகவரி எண் தருகிறது. அந்த எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள்) இடம் என்றால் மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள், அதாவது 4 ஜிபி. 1985இல் இன்டெல் 386 வந்தபோது அது எட்டாத உயரம். இன்று ஒரு பிரவுசருக்கே போதவில்லை.

32 பிட் விண்டோஸிலேயே இருந்துவிட்டால்? 4 ஜிபி போட்டாலும் பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபிதான் கையில் கிடைக்கும். மீதி முகவரிகளை கிராபிக்ஸ் கார்டு போன்றவை எடுத்துக்கொள்கின்றன. ஒரு நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் தரவும் மாட்டார்கள். பழைய 16 பிட் நிரல் ஏதாவது கட்டாயம் ஓட வேண்டும் என்றால் மட்டும் இதில் இருக்கலாம். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது.

நடுவில் ஒரு வழி உண்டு: பி.ஏ.இ. (PAE) என்ற முகவரி நீட்டிப்பு வசதி. 1995இல் பென்டியம் புரோவோடு வந்தது. முகவரியை 36 பிட்டாக நீட்டி 64 ஜிபி வரை எட்டுகிறது. 32 பிட் லினக்ஸ் இதை நன்றாகவே பயன்படுத்துகிறது. மைக்ரோசாஃப்டோ வீட்டு விண்டோஸை 4 ஜிபியிலேயே நிறுத்திவிட்டு, சில சர்வர் பதிப்புகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தது. ஆக, அங்கே தடை பிராசசர் மட்டும் இல்லை. ஆனால் பி.ஏ.இ. இருந்தாலும் தனி ஒரு நிரலுக்கு 4 ஜிபி வரம்பு மாறாது. அதோடு 32 பிட்டை லினக்ஸ்காரர்களும் கைவிட்டு வருகிறார்கள். 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை 32 பிட் பிசியில் நிறுவ முடியாது. இதை நம்பிப் புதிதாக ரேம் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

64 பிட்டை 2003இல் ஏஎம்டி பிசிக்குக் கொண்டுவந்தது. 64 பிட்டில் 48 பிட்டை மட்டும் முகவரிக்கு எடுத்தாலே 256 டெராபைட் வரை போகலாம். என் ஓட்டு இதற்குத்தான், ரேம் 4 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால். முகவரி ஒவ்வொன்றும் 8 பைட் பிடிப்பதால் நிரல்கள் ரேமைச் சற்று அதிகமாகவே தின்னும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு இலேசான 32 பிட் லினக்ஸே மேல்.

பலரும் பார்க்காமல் விடுவது மதர்போர்டை. கோர் 2 டுயோ 64 பிட் பிராசசர்தான். ஆனால் இன்டெல் 945 சிப்செட் (பிராசசரை ரேமோடு இணைக்கும் சிப்) உள்ள போர்டில் உட்கார்ந்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டாது, அதிலும் முழுசாகக் கிடைக்காது. நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்450யும் 64 பிட்தான்; அதன் வரம்பு வெறும் 2 ஜிபி. இயங்குதளப் பதிப்புக்கும் தனி வரம்பு உண்டு: 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடு நின்றுவிடும். பிராசசர், போர்டு, இயங்குதளம் மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

போர்டின் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். 8 ஜிபி ஏற்கும் என்றால் தயங்காமல் ரேம் வாங்கி 64 பிட் போடலாம். 945 என்றால் அந்த ரேண்டுக்குச் சின்ன எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்குங்கள், இந்த முகவரி வரம்பு அதைத் தொடாது.