பேட்டரி நிறைந்த பிறகு என்ன ஆகிறது? சின்னக் காற்றாலையும் சோலார் பேனலும்

கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பேட்டரி இருக்கிறது. அதை நிரப்ப வெளியிலிருந்து வரும் கம்பியை மட்டும் நம்பாமல் சொந்தமாக ஒரு வழி வேண்டும். சோலார் போடுவதா, சின்னக் காற்றாலை நடுவதா, இரண்டுமா? இந்தக் கேள்வியோடு நான்கு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டையும் வைத்தேன்: 1.2 மீட்டர் விட்டத்தில் மூன்று இறக்கையோடு, பெட்டியில் 400 வாட் என்று அச்சடித்திருந்த காற்றாலை ஒன்று, 200 வாட் பேனல் இரண்டு. இப்போது பேனல்கள் மட்டும்தான் மேலே இருக்கின்றன. காற்றாலை சாக்கு சுற்றி ஒரு மூலையில் கிடக்கிறது. ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடுகிறேன். சோலார் பகலில் மட்டும் தரும், மேகம் வந்தால் குறையும். காற்று இரவிலும் வீசும், ஆனால் நினைத்தபோது வீசாது. பேனலில் அசைகிற பாகம் கிடையாது, காற்றாலையில் அசையாத பாகம் குறைவு. விளம்பரத் தாள்களில் இருப்பதும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

தேவை எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். 9 வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம். 10 வாட் ரூட்டர் நாள் முழுக்க. 30 வாட் மின்விசிறி பத்து மணி நேரம். லேப்டாப் மூன்று மணி நேரம். கூட்டினால் சுமார் 900 வாட் மணி. இதில் பலர் மறந்துவிடுவது இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே தின்னும் கரண்ட். என்னுடையது 12 வாட் எடுக்கிறது, 24 மணி நேரத்துக்கு அதுவே 300 வாட் மணிக்குக் கிட்டே. ஆக, கரண்ட் முழுக்கப் போன ஒரு நாளுக்கு 1.2 யூனிட் வேண்டும். ஒரு யூனிட் என்றால் 1000 வாட் மணி.

சரி, 400 வாட் பேனல் ஒரு நாளைக்கு என்ன தரும்? நல்ல வெயிலில் நாலைந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமானது கிடைக்கும். சூடு, தூசி, ஒயர், பேட்டரியை அளவோடு ஏற்றும் கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் கால்வாசி கழித்தால் 1.2 முதல் 1.5 யூனிட். முழுக்க மூடிய வானத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது.

400 வாட் காற்றாலை? இங்கேதான் நான் ஏமாந்தேன். அந்த 400 வாட் என்பது நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும்போது தரும் அளவு. குடை திரும்பிக்கொள்ளும் காற்று அது. காற்றிலிருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். வேகம் பாதியானால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. 1.2 மீட்டர் இறக்கை வட்டத்துக்குள் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நுழையும் காற்றில் மொத்தமாகவே 44 வாட்தான் இருக்கிறது. அதிலும் முழுவதையும் பிடிக்க முடியாது. 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பதை ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். சின்னக் காற்றாலைகள் அதில் பாதியை எட்டினாலே நல்ல வடிவமைப்பு. அப்படியென்றால் கையில் வருவது 13 வாட். ரூட்டருக்கு ஆகும்.

வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை வாங்கிய பிறகு செய்தேன். காற்றுமானி ஒன்றைக் கம்பத்தில் கட்டி, ஏழு மாதம் கணக்கெடுத்தேன். சராசரி நொடிக்கு 3.4 மீட்டர். இறக்கை கரண்ட் தரத் தொடங்கவே 3 மீட்டர் தேவை. அந்த ஏழு மாதத்தில் என் காற்றாலை தந்தது ஒரு நாளைக்குச் சராசரியாகக் கால் யூனிட். சில நாள் ஒரு யூனிட்டைத் தாண்டும், பல நாள் பூஜ்யம். சராசரி 6 மீட்டர் கிடைக்கும் இடத்தில் இதே இயந்திரம் ஒன்றரை யூனிட் தரும். இடம்தான் எல்லாம். இறக்கையின் கீழ்நுனி, சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும் விட 9 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நடைமுறை விதி உண்டு. என் கம்பத்தின் மொத்த உயரமே 9 மீட்டர்தான். மேலே சுழன்றடிக்கும் கலங்கல் காற்றில் அது நிமிடத்துக்கு நாலு முறை திசை மாறித் திரும்பிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது உற்பத்திக் கணக்கு. இதற்காக மட்டும் நான் காற்றாலையைக் கழற்றியிருக்க மாட்டேன். முடிவு செய்தது வேறொன்று, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெளிக் கரண்டே இல்லாத வீட்டில் பேட்டரி தினமும் காலியாகும், தினமும் நிரம்பும். வருகிற ஒவ்வொரு வாட்டுக்கும் வேலை உண்டு. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பேட்டரி அப்படியில்லை. அது வருடத்தில் பெரும்பாலான நாள் நிறைந்தேதான் இருக்கும். காத்திருப்பதுதான் அதன் வேலை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ‘பேட்டரி நிறைந்த பிறகு இந்த இயந்திரம் என்ன செய்யும்?’ என்பது.

பேனல் ஒன்றும் செய்யாது. கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்தால் அதன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். வெயில் வெறும் சூடாகப் போய்விடும். தேய்மானம் இல்லை, ஆபத்தும் இல்லை.

காற்றாலையை அப்படி அவிழ்த்துவிட முடியாது. அதன் ஜெனரேட்டர் மேல் விழும் சுமைதான் அதற்கு பிரேக். பேட்டரி நிறைந்துவிட்டது என்று இணைப்பைத் துண்டித்தால், சுமை போன இறக்கைகள் வெறிபிடித்ததுபோல் சுழலும், வோல்டேஜ் பல மடங்கு எகிறும், கன்ட்ரோலரோ இறக்கையோ ஒன்று போகும். அதனால்தான் சோலாருக்கான சாதாரண கன்ட்ரோலரைக் காற்றாலைக்குப் போடக்கூடாது. மிஞ்சும் கரண்டைக் கொட்ட டம்ப் லோடு என்ற பெரிய ரெசிஸ்டர் வேண்டும். என்னுடையது கம்பி வலை போட்ட பெட்டியில் சுவரில் மாட்டியிருந்தது. காற்றடிக்கும் நாளில் அதன் மேல் கை வைக்க முடியாது. வருடம் முழுக்கக் காற்றாலை உழைத்ததில் பெரும்பங்கு அந்தப் பெட்டியைச் சூடாக்கியதுதான்.

இதமான காற்றில் அந்த இறக்கை நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும். நாள் முழுக்க அடித்தால் ஏழு லட்சத்துக்கு மேல். அவ்வளவும் பேரிங் மேல். பதினான்காவது மாதத்தில் ஒரு கரகரப்பு கேட்டது, முதலில் பக்கத்தில் எங்கோ யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்தேன். கம்பத்தைச் சாய்த்துப் பார்த்தால் முன்பக்க பேரிங்கில் ஆட்டம். கம்பத்தைச் சாய்ப்பது என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் நாலு பக்க ஸ்டே கம்பியில் ஒரு பக்கத்தை அவிழ்த்து, கப்பிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தலைக்கனத்தோடு வரும் 9 மீட்டர் குழாயைத் தரையில் இறக்க மூன்று பேர் வேண்டும். காற்றில்லாத நாளாகவும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தேன். இறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று இருக்கும். ஒருமுறை இறக்கையின் முன்விளிம்பு சொரசொரவென்று அரித்திருந்தது. இன்னொருமுறை திரும்பும் கழுத்தில் உரசியபடி கரண்டைக் கீழே கடத்தும் கார்பன் பிரஷ் பாதி தேய்ந்திருந்தது. மூன்றாவது முறை ஸ்டே கம்பியை இறுக்கிவைக்கும் திருகு, டர்ன்பக்கிள் என்பார்கள், அதில் ஒன்று தானாகவே இரண்டு திருகு கழன்றிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. எப்போதோ ஒருநாள் வரும் தேவைக்கு யானையைக் கட்டித் தீனி போட்ட கதை.

கரண்ட் இருக்கும் நாளில் காற்றாலையை நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்கலாம். நானும் செய்து பார்த்தேன். ஜெனரேட்டரின் மூன்று ஒயர்களையும் ஒரு சுவிட்சில் ஷார்ட் செய்தால் இறக்கை கிட்டத்தட்ட நின்றுவிடும். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது, உண்மை. ஆனால் பலத்த காற்றில் அந்தப் பிடியையும் மீறிச் சுழலத் தொடங்கினால் ஜெனரேட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும். அப்புறம், கரண்ட் போன நேரத்தில் யாராவது நினைவாகப் போய் சுவிட்சை விடுவிக்க வேண்டும். நான் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய், இரண்டு நாளும் காற்றாலை கட்டிப்போட்ட மாடாக நின்றிருந்தது.

பேனல் பக்கம் பராமரிப்பு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. விடியற்காலையில் பேனல் சூடாகும் முன் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன். ஒரு கனெக்டர் ‘டக்’ என்று பூட்டாமல் பாதியில் நின்று உருகியது, அது என் அவசரம். இன்னொன்று நிழல். ஆன்டெனா கம்பத்தின் மெல்லிய நிழல் மாலையில் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தது. விரல் அகல நிழல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். மீட்டரில் பார்த்தால் அந்தப் பேனல் மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று மூச்சடைத்தால் அதன் வரிசையே உட்கார்ந்துவிடும். ஆன்டெனாவை இரண்டடி நகர்த்தினேன், சரியாகிவிட்டது. பேனலின் திறன் வருடத்துக்கு அரை சதவீதம் போலக் குறையும் என்பார்கள். நான்கு வருடத்தில் என் மீட்டரில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

காற்றாலைக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு புயல் நாளில் மாலையில் கரண்ட் போனது. பேட்டரி 24 வோல்ட், 100 ஆம்பியர் மணி. இரவு ஒன்பது மணிக்கு அதில் 52 சதவீதம். விளக்கு, ரூட்டர், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே காலையில் 68 காட்டியது. இருட்டில், மழையில், பேனல் செத்துக் கிடக்கும் நேரத்தில் நம்பர் ஏறுவதைப் பார்ப்பது தனி சுகம். கரண்டைப் பறிக்கும் அதே காற்று கரண்டைத் தருகிறது என்ற வாதம் அந்த ஒரு இரவில் முழுக்க உண்மையாக இருந்தது. ஆனால் மறுநாள் காற்று அடங்கிவிட்டது, கம்பிகளைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளையும் மெல்லிய வெயிலில் பேனல்கள்தான் ஓட்டின. அந்தப் புயல் இரவுக்கு மாற்றாக இப்போது பேனல்களை 800 வாட்டாக்கியிருக்கிறேன். மூடிய வானத்திலும் அரை யூனிட் வருகிறது, விளக்குக்கும் ரூட்டருக்கும் போதும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கூடவில்லை.

குளிர்காலப் பகல் ஏழெட்டு மணி நேரமே இருக்கும் வடகோடி நாடுகளிலோ, காற்று ஓயாத கடலோர முகட்டிலோ கணக்கு தலைகீழாகலாம். பாய்மரப் படகுகளில் சின்னக் காற்றாலை சுற்றுவதற்குக் காரணம் உண்டு: மரமோ கட்டடமோ மறைக்காத காற்று, தினமும் காலியாகும் பேட்டரி. அந்த மாதிரி இடங்களில் நான் எதையும் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆகவே என் தீர்ப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம். காற்றால் பேட்டரி நிரப்புவதும் புதிதில்லை. 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் என்ற கண்டுபிடிப்பாளர் தன் வீட்டுக்குப் பின்னால் 17 மீட்டர் விட்டத்தில் 144 இறக்கையோடு ஒன்றைக் கட்டி, நிலவறை பேட்டரிகளை இருபது வருடம் நிரப்பினார். சோலார் செல் உருப்படியாக வந்ததே 1954-இல்தான். ஆனால் அவருடைய பேட்டரிகள் தினமும் வீட்டுக்கு வெளிச்சம் தந்தவை, வருடக்கணக்கில் காத்திருந்தவை அல்ல.

பேட்டரி வகையும் இதில் குறுக்கே வரும். லெட் ஆசிட் நிறைந்தே இருக்க விரும்பும், காலியாக விட்டால் சல்ஃபேட் படிந்து கெடும். காத்திருக்கும் வேலைக்கு அது மோசமில்லை, பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால். இரண்டு வருடமாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் வைத்திருக்கிறேன். எண்பது சதவீதம் வரை கவலையில்லாமல் எடுக்கலாம். எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்ல என் அனுபவம் போதாது. காற்றாலையோடு லித்தியம் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் ஏதோ காரணத்தால் தன்னைத் துண்டித்துக்கொண்டால், காற்றாலை ஒரே நொடியில் சுமையை இழக்கும். எகிறும் வோல்டேஜ் நேரே இன்வெர்ட்டருக்குப் போகும். எனக்கு நடக்கவில்லை, ஆனால் காற்றாலையும் லித்தியமும் சேர்ந்திருந்த ஆறு மாதமும் பயத்தோடுதான் ஓட்டினேன்.

எப்படியும் இரண்டையும் வைக்கத்தான் போகிறேன் என்பவர்கள் தனித்தனி கன்ட்ரோலர் போடுங்கள், டம்ப் லோடு கரண்டை வாங்கத் தொடங்கும் வோல்டேஜை சோலார் ஏற்றும் உச்ச வோல்டேஜுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். லெட் ஆசிட் இருந்த முதல் வருடம் என் சோலார் கன்ட்ரோலர் 28.8 வோல்ட் வரை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. டம்ப் லோடு 28-இலேயே கரண்டை வாங்கத் தொடங்கிவிட்டது. இலை அசையாத ஒரு மத்தியானம், இறக்கை மூன்றும் சும்மா நிற்க, சுவரில் அந்தப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பேனல் பிடித்த வெயிலையெல்லாம் காற்றாலையின் ரெசிஸ்டர் வாங்கிச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது புரிய எனக்கு அரை மணி நேரம் ஆனது.