ஜவ்வாது மலையில் ஜெமினிட் இரவு: ஐந்துக்கு நான்கு

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை இரவு ஜமுனாமரத்தூர் பக்கமுள்ள இந்தப் பண்ணை வீட்டில் தங்கினோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், அப்புறம் என் மாமியார். டிசம்பரில் வருகிற ஜெமினிட் என்ற எரிகல் பொழிவு பார்க்க ஆளுக்கு 1,800 ரூபாய்; இரவுச் சாப்பாடும் காலை டிபனும் அதிலேயே சேர்த்தி. போளூர் வழியாகப் போனோம். மலைப்பாதை பரவாயில்லை, ஆனால் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பிய பிறகு வழிகாட்டிப் பலகை ஒன்றுகூட இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இந்த இடத்தை மனசாரச் சொல்கிறேன் என்றால், இவர்கள் தேதி பார்த்து நடத்துகிறார்கள் என்பதுதான் முதல் காரணம். வாராவாரம் சனிக்கிழமை ‘விண்கல் இரவு’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பொழிவு அப்படி வாராவாரம் வராது. வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றும்போது வழியெல்லாம் தூசியை உதிர்த்துவிட்டுப் போகிறது. அந்தத் தூசித் தடத்தைப் பூமி வருஷத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய அதே தேதியில் கடக்கிறது. துகள்கள் காற்றுமண்டலத்தில் பாய்ந்து எரிவதைத்தான் நாம் பார்க்கிறோம். பெரும்பாலானவை மணல் பருமன்தான். போன வருஷம் ஜூலையில் போன் செய்து ஆகஸ்ட் பெர்சீட் பொழிவுக்கு இடம் கேட்டேன். உரிமையாளர், “ஆகஸ்ட்ல வேணாம்மா, தினமும் சாயங்காலம் மேகம் கட்டிக்கும். டிசம்பர்ல வாங்க, அப்பவும் மழை இருந்தா பாதிப் பணம் திருப்பித் தர்றேன்” என்றார். வருகிற வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல மனசு வேண்டும்.

இரண்டாவது காரணம் இருட்டு. காவலூர் வானாய்வகம் இதே மலையில்தான் இருக்கிறது; வானியலாளர் வைணு பாப்பு பெயரிலான 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. இவர்கள் அந்த இருட்டைக் கெடுக்கவில்லை. கேம்ப் ஃபயர் இல்லை, பாட்டு இல்லை. ஒன்பதரைக்கு வீட்டு விளக்குகளை அணைத்தார்கள். டார்ச்சுக்கெல்லாம் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. செல்போனைப் பையில் போடச் சொன்னார்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. களத்தில் வரிசையாகக் கயிற்றுக் கட்டில், கட்டிலுக்கு இரண்டு கம்பளி. கழுத்து வலிக்காமல் படுத்துக்கொண்டே பார்க்கலாம். தொலைநோக்கி எதுவும் வைக்கவில்லை, அது சரியான முடிவு. எரிகல் வானத்தில் எந்த மூலையிலும் கிளம்பும், வெறுங்கண்தான் வசதி.

விளக்கம் சொன்னவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அவருக்காகவே இன்னொரு தரம் போகலாம். முதலில் வியாழனைக் காட்டினார். அன்று அது மிதுனத்தில் பளிச்சென்று நின்றது. பக்கத்தில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள். அங்கிருந்துதான் எல்லாக் கோடுகளும் கிளம்புவது போலத் தெரியும் என்றார். உண்மையில் துகள்கள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் வருகின்றன, தண்டவாளம் தூரத்தில் போய் ஒன்றுசேர்வது போலக் கண்ணுக்குத் தெரிகிறது.

பிறகு சொன்னதுதான் என் மகளை எழுந்து உட்கார வைத்தது. மற்றப் பொழிவுகளுக்கெல்லாம் பெரும்பாலும் வால்நட்சத்திரம்தான் தாய். ஜெமினிட்டுக்கு ஃபேத்தான் என்ற பாறைக்கோள். 1983இல் ஒரு செயற்கைக்கோள் படங்களில் கண்டுபிடித்தார்கள். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு ஏறக்குறைய 1.4 வருஷம், சுற்றும்போது புதன் கிரகத்தையும் தாண்டிச் சூரியனுக்கு அருகில் போய் வருகிறது. ஜெமினிட் துகள்கள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. லியோனிட் என்ற இன்னொரு பொழிவில் அது 71. அதனால் ஜெமினிட் கோடு கொஞ்சம் நிதானமாகப் போகும், “அதோ!” என்று பக்கத்திலிருப்பவருக்குக் காட்ட நேரம் கிடைக்கும்.

பத்து மணிக்கு மேல் சீராக வர ஆரம்பித்தன. பேப்பரில் ‘மணிக்கு 120, 150’ என்று போடுவது பொழிவு மையம், அதாவது கோடுகள் கிளம்புவது போலத் தெரியும் இடம், நேர் உச்சியில், துளி வெளிச்சமில்லாத வானத்தில் இருந்தால் கிடைக்கும் கணக்கு. அந்த எண்ணிக்கையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நள்ளிரவை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் நாங்கள் நாற்பதைத் தாண்டினோம், எனக்கு அது தாராளம். ஒன்று மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புனர்பூசத்திலிருந்து கிளம்பி, தெற்கே அகத்திய நட்சத்திரத்தை நோக்கி மஞ்சளாக இறங்கி, நடுவில் ஒருமுறை வெடித்தது போல் பிரகாசித்து, இரண்டு துண்டாகி அணைந்தது. மாமியார் கம்பளியை உதறிவிட்டுக் கைதட்டினார். எழுபது வயசில் இப்படி அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நிலா நள்ளிரவு தாண்டித்தான் வந்தது, அதுவும் தேய்ந்த நிலா. பெரிய தொந்தரவு இல்லை.

சாப்பாடு எளிமை. சாமைச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரசம். இரவு ஒரு மணிக்குக் கேட்காமலே சுக்கு காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். காலை இட்லிதான் ஒன்பதரைக்கு வந்தது, குழந்தைகள் பசியில் தவித்துப் போனார்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது கழிப்பறைக்காக. அங்கே ஆள் போனதும் தானாக எரியும் வெள்ளை டியூப்லைட் போட்டிருக்கிறார்கள். யாராவது எழுந்து போகும்போதெல்லாம் களம் முழுக்க வெளிச்சம், அத்தனை பேர் கண்ணும் பாழ். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் இதை மட்டும் விட்டது எனக்கு நிஜமாகவே வருத்தம். ஒரு சிவப்பு பல்பு மாற்றினால் போதும், உரிமையாளரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். வெந்நீரும் இரண்டு பேருக்குத்தான் வந்தது.

2026இல் டிசம்பர் 13 ஞாயிறு, 14 திங்கள். வளர்பிறை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும், அதனால் அந்த இரண்டு இரவும் அருமையாக இருக்கும். திங்கட்கிழமை லீவு போட முடிந்தால் போடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க முடியாதவர்கள் மே 5, 6 தேதிகளில் விடியலுக்கு முந்தைய நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு பொழிவு உண்டு. ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி அது, நம் ஊர் மாதிரித் தெற்குப் பகுதிகளுக்கு வாகான பொழிவு. ஸ்வெட்டர், குல்லா, காலுறை கட்டாயம். களத்தில் பத்துக் கட்டில்தான் போடுகிறார்கள், அக்டோபரிலேயே சொல்லி வையுங்கள்.