ஓல்டு மேன் எமு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட்: பிக்கப்புக்கு ஏற்ற மாற்று ஷாக் அப்சார்பர்

ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதா என்பதைக் கிலோமீட்டர் கணக்கைவிட அதன் தோற்றமே தெளிவாகக் காட்டிவிடும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் அருகே லேசான ஈரத்தில் தூசி படிந்திருப்பது பெரும்பாலும் இயல்பானதுதான். ஆனால் எண்ணெய் வழிந்து கீழ்ப் புஷ் (ரப்பர் வைத்த இணைப்பு) வரை இறங்கியிருந்தாலோ, உள்ளும் வெளியும் நகரும் ராடின் குரோம் பூச்சு கீறியிருந்தாலோ, டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ காலம் தாழ்த்தக் கூடாது.

அந்நிலையில் என் பிக்கப்பில் பொருத்தியது, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் இந்த நைட்ரஜன் வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகை. சுமையோடு வேகத்தடையைக் கடந்ததும், பின்பகுதி மீண்டும் மீண்டும் ஆடாமல் ஒரே அசைவில் அடங்குகிறது. காலி வண்டி சற்றுத் தூக்கிப் போடுவது மட்டும் குறையவில்லை. அது லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) விறைப்பு, ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வது நியாயமன்று.

இது பிரிக்க முடியாதபடி மூடப்பட்டது என்பதால் பழுதானால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதே நிறுவனத்தின் பிபி-51 போன்ற, பிரித்துச் சீலும் எண்ணெயும் மாற்றக்கூடிய விலையுயர்ந்த வகையில், ராடும் குழாயும் கீறலின்றி இருந்தால் புதுப்பிப்பதே லாபம்; ராடு வளைந்திருந்தால் அச்செலவும் வீண். எதுவானாலும் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றி, வண்டி தரையில் நிற்கும்போது புஷ் போல்ட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும்.