இறுகிப்போன பம்ப்: தலையை மட்டும் மாற்றுவதா, முழுதாகக் கழற்றுவதா?

பிரிட்டன் வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள், பாய்லருக்கு வெளியே நிற்கும் சென்ட்ரல் ஹீட்டிங் பம்பைப் பற்றிய பேச்சு இது. 22 மி.மீ. செம்புக் குழாய், மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு, நடுவில் 130 மி.மீ. நீளப் பம்ப். பம்ப் பழுதாகி, நட்டும் போல்ட்டும் துருவேறி இறுகியிருக்கும்போது இதை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, பம்பை வால்வுகளோடு இணைக்கும் ஒன்றரை அங்குல யூனியன் நட்டுகள் இரண்டையும் திருகிப் பம்பை முழுதாக எடுப்பது. மற்றது, நட்டுப் பக்கமே போகாமல், மோட்டாரைப் பிடித்திருக்கும் நான்கு அலன் போல்ட்டுகளை (தலையில் அறுகோணக் குழி உள்ளவை) எடுத்துவிட்டு, புதிய தலையை, அதாவது மோட்டார் பகுதியை, பழைய இரும்பு உடலிலேயே பூட்டுவது.

நான் தலைக் கட்சி. காரணம் ஒன்றுதான்: வேலை கெட்டுப்போனால் எது நஷ்டம் என்ற கணக்கு.

அலன் போல்ட் முறிந்தால் போவது எப்படியும் தூக்கியெறியப் போகிற பழைய பம்பின் உடல். அதன்பின் நட்டுகளிடம் போகலாம். தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்தில் நிற்கமாட்டீர்கள். நட்டோடு மல்லுக்கட்டித் தோற்றால் கதை வேறு. வால்வு சுழலும், செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும், தரைக்கடியில் எங்கோ ஒரு இணைப்பு கசியத் தொடங்கும். அந்த நட்டு வால்வோடு சேர்ந்தே வருவது. அதை அறுத்தால் வால்வையும் மாற்ற வேண்டும், அதற்கு வீடு முழுக்க ஓடும் ஹீட்டிங் தண்ணீரை வடிக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் போதாது. பல பாய்லர்கள் அணைந்த பிறகும் சூட்டைத் தணிக்கப் பம்பைச் சில நிமிடங்கள் ஓட்டும். 3 ஆம்பியர் ஃபியூஸையே கழற்றி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பின்புதான் வயரில் கை வைக்க வேண்டும். போல்ட்டைத் தொடும் முன் இரண்டு வால்வையும் மூடிவிடுங்கள்.

வாங்கும்போது முழுப் பம்பாகவே வாங்குங்கள், அதே நிறுவனம், அதே வரிசை. அதன் தலையைக் கழற்றிப் பழைய உடலில் வைத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் முழுப் பம்பும் கையிலேயே இருக்கிறது. இப்படிப் பிரித்து மாட்டியதற்கு உத்தரவாதம் கேட்டுப் போனால் கடையில் வாதாட வேண்டிவரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போல்ட்டுகள் நான்கும் ஒரே நாளில் இறுகியவை அல்ல. பெரும்பாலும் கீழே இருக்கும் இரண்டுதான் கசிவு நீர் பட்டுத் துருவேறியிருக்கும். அலன் கீயை எடுத்த எடுப்பில் நுழைத்துத் திருகுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. குழியில் துருவும் பெயின்டும் அடைத்திருக்கும். கீ பாதி ஆழம்தான் இறங்கும். திருகினதும் ஆறு மூலையும் வழுக்கி வட்டமாகிவிடும். ஊசியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எல் வடிவக் கீயை விட, ராட்செட்டில் மாட்டும் அலன் பிட் நல்லது. அதைச் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டி முழு ஆழம் இறக்குங்கள். போல்ட் தலைக்கடியில் எண்ணெய் இறங்க இடம் குறைவு. மரைக்குள் இருக்கும் துருவை உடைப்பது அந்தத் தட்டல்தான். பிறகு, கழற்றும் திசைக்கு முன் ஒரு மயிரிழை இறுக்கும் திசையில் திருகிப் பாருங்கள். அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூலை வழுக்கிவிட்டதா? சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவ பிட்) அடித்து இறக்கலாம். அதுவும் சுற்றினால் தலையைத் துளைத்துவிடுங்கள். எம்6 போல்ட் என்றால் 6.5 மி.மீ. டிரில், குழியின் நடுவே நேராக, தலை கழன்று விழும் ஆழம் வரை மட்டும். மோட்டார் வெளியே வந்ததும் எஞ்சிய தண்டு துருத்திக்கொண்டு நிற்கும். முந்தின பத்து நிமிடம் உயிரை வாங்கிய போல்ட், தலையின் இழுவிசை போனதும் பெரும்பாலும் மோல் கிரிப்புக்கு, அதாவது கவ்வியபடி பூட்டிக்கொள்ளும் குறட்டுக்கு, சாதுவாக மசியும்.

புதிய தலை உட்காரும் முகத்தில் பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. மோட்டாரின் தண்டு கிடைமட்டமாக இருக்க வேண்டும், மின்பெட்டி கீழ்ப்பக்கம் வரக்கூடாது, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

முழுதாகக் கழற்றும் வழிக்கும் இடம் உண்டு. இரண்டு வால்வையும் மூடிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் தலை மாற்றும் யோசனையை அங்கேயே விடுங்கள். பழைய கேட் வால்வுகள் இப்படித்தான், சுழலும், அடைக்காது. எப்படியும் வடிக்க வேண்டிய நிலையில், கால் சுற்றில் மூடும் பால் (பந்து) வால்வுகளைப் புதிதாகப் போட்டுவிடுவதே புத்தி.

நட்டைத் திருகும்போது திசை பலரைக் குழப்பும். முன்னால் நின்று பார்த்தால் மேல் நட்டு வலப்பக்கமாகவும், கீழ் நட்டு இடப்பக்கமாகவும் நகர வேண்டும். கழற்றுவதாக நினைத்துக் கீழ் நட்டை இறுக்கிக்கொண்டே போனவர்கள் நிறைய. வால்வை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான், நட்டைக் கவ்வும் ஸ்டில்சனில் (பெரிய குழாய்த் திருகியில்) பலம் கொடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைக்கலாம்.

சூடாக்கலாமா? பித்தளை, இரும்பைவிட அதிகம் விரியும், கணக்கு சரிதான். ஆனால் உள்ளே ரப்பர் வாஷர், பக்கத்தில் ஈயப் பற்று, சுற்றிலும் துணி அலமாரி, மேலே நேற்று விட்ட எண்ணெய். புளோ டார்ச் வேண்டாம். வால்வு எப்படியும் போகப்போகிறது என்றால் நட்டைச் சாய்வாக ரம்பத்தால் முக்கால்வாசி அறுத்து, உளியால் ஒரு அடி. பிளந்துவிடும்.

காம்பி பாய்லருக்குள் (தனி வெந்நீர்த் தொட்டி தேவைப்படாத பாய்லர்) இருக்கும் பம்புக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்க்காதீர்கள். அதன் உடல் பல மாடல்களில் பிளாஸ்டிக். பாய்லரின் மூடியே எரிவாயுப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அங்கே கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயுப் பணியாளர் பதிவேடு) பதிவு உள்ளவரைக் கூப்பிடுவதுதான் வழி.

மாட்டும்போது யூனியன் மரையில் டேப் சுற்ற வேண்டாம். தண்ணீரை அடைப்பது தட்டையான வாஷர்தான், அதைப் புதிதாகப் போடுங்கள். அலன் போல்ட் மரையில் மட்டும் துளி காப்பர் கிரீஸ். தண்ணீரை வடித்திருந்தால் அதோடு துருத்தடுப்பு மருந்தும் போயிருக்கும். திரும்ப ஊற்றாமல் ஓட்டினால் புதிய பம்பிலும் அதே கறுப்புச் சேறு சேரும்.