பகலா, இரவா? டைகர் ஹில் கணக்கு

தில்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, கரோல்பாகில் தோசைக்குக் காத்திருந்தோம். "கார்கில் போரில் பாகிஸ்தான் படை பிடித்திருந்த டைகர் ஹில் சிகரத்தை மீட்க, கண் தெரியும் பகலை விட்டுவிட்டு நம் வீரர்கள் இரவில் ஏன் ஏறினார்கள்?" என்றார் மைத்துனர்.

மறைவு: பகலில் அறவே இல்லை. சிகரம் இருக்கும் லடாக்கின் திராஸ் பகுதிச் சரிவுகளில் மரம் கிடையாது. மேலிருப்பவனுக்கு ஏறுபவர் ஒவ்வொருவரும் இலக்கு. இரவில் இருட்டுதான் மரம்.
வழி: பகலில் தெளிவு. இரவில் பாறையைத் தடவி, கயிற்றைப் பற்றி, 16,000 அடிக்கு மேல் மூச்சு வாங்க ஏற வேண்டும்.
பீரங்கி: குண்டு விழுமிடம் பார்த்துத் திருத்தப் பகலே வசதி.

1999 ஜூலை 3 மாலை பீரங்கிகள் முழங்கின, இருட்டில் ஏற்றம். எதிரி எதிர்பாராத செங்குத்து முகத்திலும் ஏறினார்கள். மறுநாள் உச்சி கைக்கு வந்தது.

உளவுக்குப் பகல், வெட்டவெளிச் சரிவைக் கடக்க இரவு. "நிலா இருந்தால்?" என்று மைத்துனர் தொடங்குவதற்குள் தோசை வந்துவிட்டது.